ஒரிஜினல் மாமா

மலைநாட்டில் ஊருக்கு ஒரு கோயில் மாதிரி, ஊருக்கு ஒரு 'ஒரிஜினல்' மாமாவும் உண்டு. நம்ம மாமா தெல்தோட்டைக்காரர், தோட்டத்து ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்தால் மற்றவர்கள் கூரைத் தகரம் மாற்றுவார்கள். மாமா ஓடாத ஹொண்டா சீ 50 மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஜப்பான் ஒரிஜினல். யாரும் ஸ்பேனர் வெச்சதில்ல."

அன்று மாலையே மாமா ஸ்பேனர் வைத்தார்.

இஸ்தோப்பு கராஜ் ஆயிற்று. மாமி சோறு வடிக்கும் சட்டியில் காபரேட்டர் மண்ணெண்ணெயில் ஊறியது. மாமி வாயைத் திறந்தால் மாமா பக்கத்துத் தோட்டத்துச் சரித்திரத்தை இழுப்பார்: "1867இல ஜேம்ஸ் டெய்லர் தொரை லூல்கந்துரயில தேயிலை போட்டாரே, கொழுந்தை எங்க வெச்சுக் கசக்கினாரு? பங்களா இஸ்தோப்புல! அன்னைக்கு யாராச்சும் சட்டியைக் கேட்டாங்களா?"

49 சீசீ எஞ்சினும் மூன்று கியரும் கண்டியின் சமதளத் தெருவுக்குப் போதும்; ஹேவாஹெட்டை ஏற்றத்தில் முனகும். ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஒரு பயணம். 39 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்த இடத்தில் 47 வந்தது. எஞ்சின் 72 சீசீ ஆனது. பிஸ்டன் பெருத்ததால் ஹெட் மாறியது, ஹெட் மாறியதால் காபரேட்டர் மாறியது, இத்தனைக்கும் மூச்சுவிட வேண்டுமே என்று சைலன்சரும் மாறியது. கேட்டால், "மேட்டுக்காகச் சின்ன வேலை. மத்ததெல்லாம் ஒரிஜினல்."

மாறாமல் மிஞ்சியது, தீப்பொறிக்கு நேரம் குறிக்கும் பொயின்ட். அதை அவர் செட் பண்ணும்போது வீட்டில் ரி.வி. ஓடக்கூடாது. சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைக் கிழித்துப் பொயின்ட்டுக்குள் செருகுவார். ஒரு கையால் மெக்னட் சக்கரத்தை மெதுவாகத் திருப்ப, மறுகை தாளை லேசாக இழுத்தபடி இருக்கும். சக்கரத்திலுள்ள 'எஃப்' கோடும் எஞ்சினிலுள்ள கோடும் நேராகும் அந்தக் கணத்தில் தாள் தளர்ந்து வர வேண்டும். முன்னால் வந்தால் ஒரு "ச்சே", பின்னால் வந்தால் இரண்டு. சரியாக வந்தால், தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அவருக்குச் சுக்கிர திசை. பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் வரை ஏறியது. கியூஆர் கோட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். கார்க்காரர்கள் வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்க, மாமா கலஹா வரை போய் வாழைப்பழம் வாங்கி வந்தார். வாழைப்பழம் தெல்தோட்டையிலும் கிடைக்குமே என்று யாரும் கேட்கவில்லை. 2020 முதல் வாகன இறக்குமதியும் நின்றுபோயிருந்ததால் பழசுக்கெல்லாம் விலை ஏற, வாங்க ஆட்கள் வந்தார்கள்.

"எல்லாம் கம்பனிச் சாமானா அண்ணே?"

"என்னா கேள்வி இது? நானே பார்த்துப் பார்த்து மாத்தினது!"

வந்தவர் யோசித்துக்கொண்டு நிற்கும்போது உள்ளேயிருந்து மாமியின் குரல்: "என்னாங்க, குசினிப் பைப்பு மூணு மாசமா ஒழுகுது. ஒரு வொஷர மாத்துங்களேன்."

மாமா திரும்பாமலே பதில் சொன்னார்: "அதுல கை வெக்காத. அது வீடு கட்டின காலத்து ஒரிஜினல்."