செத்தவர்கள் எல்லாரும் சௌக்கியம்

மரணமிலாப் பெருவாழ்வுக்கு வழி கண்டுபிடித்தாகிவிட்டது. வள்ளலாருக்கு ஜோதி தேவைப்பட்டது. மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஒரு எக்செல் தாளே போதும்.

மணமேல்குடிப் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவர் ரத்த அழுத்த மாத்திரை ஆய்வொன்றில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வந்தார், 130க்கு 80. அடுத்த மாதமும் அதே. மூன்றாம் மாதம் ஆளைக் காணோம். பக்கவாதம் வந்து திண்ணையில் கிடக்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறியிருக்கலாம். செத்தே போயிருக்கலாம். அதனாலென்ன? கடைசியாக எழுதிய அளவையே மிச்சமுள்ள கட்டங்களிலும் இழுத்துவிடுவது என்று ஒரு முறை இருக்கிறது. பல்லாண்டு காலம் உலகமெங்கும் மருந்து ஆய்வுகளில் கைகட்டிச் சேவகம் செய்த முறை. அதன்படி சுடுகாட்டுக்குப் போனவருக்கும் பன்னிரண்டாம் மாதம் 130க்கு 80. மாத்திரை அபாரம்!

இது பிடிக்காதவர்கள் வராதவரின் வரிசையையே அழித்துவிடுவார்கள். இன்னும் சிலர் வராதவருக்கு வந்தவர்களின் சராசரியைக் கொடுப்பார்கள். கந்தர்வகோட்டையிலிருந்து வர பஸ் காசில்லாத கிழவிக்கு, காரில் வந்து இறங்கியவரின் சர்க்கரை அளவு. சமத்துவபுரம் என்றால் இதுவல்லவா.

டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் 1976இல் இந்தக் காலிக் கட்டங்களை வகை பிரித்தார். எந்தக் காரணமும் இல்லாமல் தற்செயலாக விட்டுப்போனவை. கையில் இருக்கும் மற்ற விவரங்களை வைத்து விளக்கிவிடக் கூடியவை. மூன்றாவதுதான் வில்லங்கம்: அந்தக் கட்டத்தில் எந்த எண் இருந்திருக்குமோ, அந்த எண்ணின் காரணமாகவே காணாமல் போனவை. நோய் முற்றியதால் வர முடியாமல் போனவர் இந்த மூன்றாவது வகை. இரண்டாவதா மூன்றாவதா என்று கையிலிருக்கும் தரவைக் குடைந்து கண்டுபிடிக்க முடியாது. ஊருக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். ஊர் வெயிலில் இருக்கிறது, ஆய்வாளர் ஏசியில் இருக்கிறார். எனவே கட்டுரையில் ஒரு வரி விழுகிறது: 'விடுபட்டவை தற்செயலானவை என்று கொள்கிறோம்.' பாவமன்னிப்புக்குக்கூடப் பாதிரியாரிடம் நேரில் போக வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம்.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் போய் இந்த நியாயம் பேசிப் பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்கு விடாது. இலக்கு நூறு சதவீதம். அவர் 120க்கு 80 என்று தட்டிவிட்டால் அது பொய்ப் பதிவு, மெமோ வரும். அதே கட்டத்தில் பேராசிரியர் ஒரு எண்ணை வைத்தால் அது இம்ப்யூட்டேஷன், பதவி உயர்வு வரும். வித்தியாசம் இல்லாமலில்லை. பேராசிரியர் ஒரே கட்டத்தைப் பலமுறை வெவ்வேறு எண்களால் நிரப்பி, தன் சந்தேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நல்ல முறைதான். ஆனால் ஆரம்ப அனுமானம் அழுகியிருந்தால், ஐம்பது முறை நிரப்பினாலும் ஐம்பதும் அழுகல்.

போய்ப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, பையன்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம்பிடித்து, டாக்டரான முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் 1954இல் வந்தது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. சென்னையில் 1990 முதல் 1999 வரை பதிவான புற்றுநோயாளிகளை அந்த நிறுவனத்தார் மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டார்கள். புற்றுநோய் வகையைப் பொறுத்து 20 முதல் 66 சதவீதம் பேர்தான் அதில் பொருந்தினார்கள். மற்றவர்கள்? இறப்புப் பதிவில் பெயர் இல்லை, ஆகவே உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதி முடித்திருக்கலாம். இவர்கள் தேடிப் போனார்கள். அப்படித் தேடப்பட்டவர்களில், வகைக்கு வகை, 15 முதல் 43 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஆய்வு 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. எழுதியவர்களில் அந்த மருத்துவமனையின் டாக்டர் சாந்தாவும் ஒருவர். தேடாமல் விட்டிருந்தால் காகிதத்தில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்! புற்றுநோயை வென்ற நகரம் என்று போஸ்டர்கூட அடித்திருக்கலாம்.

அது தலைநகரம். தேடிப் போக ஆளும் இருந்தது, புரட்டிப் பார்க்கப் பதிவேடும் இருந்தது. நாடு முழுக்கப் பார்த்தால், 2020இல் பதிவான சாவுகளில் டாக்டர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தது 22.5 சதவீதத்துக்குத்தான். மிச்சப் பேர் எதில் செத்தார்கள்? புள்ளியியல் மாடலைக் கேளுங்கள், சொல்லும். கல் உடைத்தவனின் நுரையீரலில் படிந்த தூசி காசநோய் என்று சீட்டில் எழுதப்பட்டால் அது காலிக் கட்டம்கூட இல்லை. நிரம்பிய கட்டம். அதை எந்த மென்பொருளும் தொடாது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் தலித் குடியிருப்பில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். குடிதண்ணீரில் கோளாறு இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஊர்க்காரர்கள் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள்; உள்ளே மலம் கிடந்தது. அந்தக் குழந்தைகளை மாவட்டச் சராசரியில் கரைத்திருந்தால், வழக்கமான மார்கழிக் காய்ச்சல் என்று கணக்கு முடிந்திருக்கும். வேண்டாதவர்களை முதலில் ஊருக்கு வெளியே வைப்பார்கள், அப்புறம் கணக்குக்கு வெளியே வைப்பார்கள். அதற்கும் தற்செயல் என்று பெயர் சூட்டுவதற்குத்தான் பட்டம் வாங்க வேண்டியிருக்கிறது.

காலிக் கட்டத்துக்கு முதல் மருந்து அதை விழாமல் தடுப்பது என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2010இலேயே அறிக்கை எழுதிவிட்டது. கடைசி அளவை இழுத்துவிடும் பழக்கத்தைச் சும்மா கையாளாதீர்கள் என்றும் சொன்னது. தடுப்பது என்றால் நோயாளிக்குப் பஸ் செலவு, அன்றைய கூலி, வரமுடியாதவர் வீட்டுக்கு ஒரு ஆள். இதையெல்லாம் திட்ட மதிப்பீட்டில் போட்டால் ஆடிட்டர் முகம் சுளிப்பார். சர்வருக்கு லட்சக்கணக்கில் போடுங்கள், கையெழுத்து உடனே விழும்.

சரி, போக வேண்டாம். வெயில் அதிகம்தான். கட்டுரையில் 'தற்செயலானவை என்று கொள்கிறோம்' என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'நாங்கள் போய்ப் பார்க்கவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். எந்த இதழ் அதை அச்சிடுகிறது என்று பார்க்கலாம்.