செக்கர் சாரும் எட்டாவது மிதியும்

கலவை, ஆற்காடு பக்கத்துத் தெருக்களில் செக்கர் சாரை அடையாளம் காண்பது சுலபம். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்ப்பார். ஏதோ ஒரு ஷூ கம்பெனியில் க்யூசி வேலை. நூல் பிசிறு, பசைக் கறை, இடது வலது நிற வித்தியாசம், அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று பகலெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். மாலையில் கம்பெனி வேனை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் கண்ணுக்கு ஓவர்டைம்தான்.

கல்யாணப் பத்திரிகையில் ‘வேலூர் மாவட்டம், கலவை’ என்று இருந்தால், மணமக்கள் பெயரைப் படிக்கும் முன்பே பேனாவை எடுத்துவிடுவார். 2019 நவம்பரிலேயே ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆகிவிட்டதே! ஆம்பூர் பிரியாணியில் உடைந்த சீரக சம்பா அரிசியை இலை ஓரம் ஒதுக்கி முடிப்பதற்குள் பந்தி எழுந்துவிடும். வீட்டு வாசல் கோலத்தில் ஒரு புள்ளி விலகினால் “ரீவொர்க்” என்பார். வீட்டம்மா ஒருநாள் கோலமாவு டப்பாவை அவர் கையிலேயே கொடுத்தார். அன்றிலிருந்து கோலம் மட்டும் செக்கிங் இல்லாமலே பாஸ்.

வேடிக்கை என்னவென்றால், வேலையில் அவர் கும்பிடும் சரக்கு ஆய்வு அட்டவணையே இத்தனை கறார் கிடையாது. ஏற்றுமதிச் சரக்கு முழுவதையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவக் கொள்முதலுக்காக வளர்ந்த முறை இது. இன்று ஐஎஸ்ஓ 2859 என்ற பெயரில் இருக்கிறது. வழக்கமான ஆய்வில் 2,000 ஜோடிக்கு 125 ஜோடி எடுப்பார்கள். ஏக்யூஎல் என்ற பழுது வரம்பு 2.5 என்றால், அதில் ஏழு ஜோடி பழுதாக இருந்தாலும் சரக்கு பாஸ். எட்டாவது வந்தால்தான் ரிஜெக்ட். ஒடிந்த ஊசி முனை போன்ற ஆபத்துக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. கடல் கடந்து காசு கொடுப்பவனே ஏழு வரை பொறுக்கிறான். செக்கர் சாரோ வீட்டில் ஒரு கோணல் தோசையைக்கூடப் பொறுப்பதில்லை.

தோல் விஷயமும் அவருக்குத் தெரியாததல்ல. உண்ணிக்கடி, முள்வேலிக் கீறல் என்று வடு மிகுந்த தோலைத்தான் உரசி, மேலே பூச்சுக் கொடுத்து வழவழப்பாக்குவார்கள். அதற்குக் கரெக்டட் கிரெயின் என்று பெயர். இயற்கையான மேற்பரப்பை உரசாமல் விட்ட ஃபுல் கிரெயினுக்குத்தான் விலை அதிகம். இதைப் புது ஆட்களுக்கு அழகாக விளக்குகிறவர், மகனின் ஓவிய நோட்டைக் கண்டால் ரப்பரைத் தேடுவார்.

தெருப்பிள்ளைகளிடம்தான் அவர் பாச்சா பலிக்கவில்லை.

பாண்டி ஆட அவர்கள் கிழித்த கட்டங்கள் கோணலாக இருந்தன. ஸ்கேலும் சாக்பீஸும் கொண்டுவந்து, அத்தனை கட்டத்தையும் ஒரே அளவாகப் போட்டுக் கொடுத்தார். நிமிர்ந்து பார்த்தால் ஆளில்லை. பிள்ளைகள் கோலிக்கு மாறியிருந்தார்கள். அங்கே இரண்டு வாண்டுகள் ஆளுக்கொரு சட்டம் வைத்து ஆடி, இருவருமே ஜெயித்ததாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இப்படிப்பட்ட கோலி ஆட்டத்தைத்தான் உட்கார்ந்து கவனித்து, 1932இல் வெளியான நூலில் எழுதினார். சின்னஞ்சிறுசுகள் சேர்ந்து ஆடினாலும் ஆளுக்கொரு விதியில் ஆடுவார்கள்; எல்லாருமே ஜெயிக்கலாம். வளர வளரத்தான் விதி எல்லாருக்கும் பொதுவாகும். அதற்குப் பிறகு, பேசி ஒப்புக்கொண்டால் விதியையே மாற்றலாம் என்பதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். செக்கர் சார் நடுப்படியிலேயே நின்றுவிட்டவர்.

“யாரு ஜெயிச்சது? ஒழுங்கா சொல்லுங்கடா.”

“ரெண்டு பேரும்தான் மாமா. பாண்டி ஆட நீயும் வர்றியா? நீ ஒப்புக்குச் சப்பாணி!”

அதாவது ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை. சில்லு எங்கே விழுந்தாலும் அவுட் கிடையாது. இப்படி ஒரு சலுகை எந்த அட்டவணையிலும் அவர் கண்டதில்லை. பேன்ட்டை மடித்துவிட்டு, தானே போட்ட நேர்கோட்டுக் கட்டத்தில் நொண்டினார். முதல் தாவலிலேயே கோட்டை மிதித்தார். நின்று, “அவுட்” என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொன்னார்.

“மிதிச்சா இன்னா மாமா, ஆடு!”

வீட்டம்மா காபியோடு வாசலுக்கு வந்து எண்ணத் தொடங்கினார். ஏழு வரை வாய்க்குள்ளேயே எண்ணினார். எட்டாவது மிதிக்கு “ரிஜெக்ட்!” என்று கத்தியே விட்டார். “எங்களுது வேற டேபிள்” என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டத்துக்குத் தாவினார் செக்கர் சார்.