பங்காளிச் சொற்கள்: பாரசீகர் ஆங்கிலம் பயிலுமாறு குறித்து ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், பாரசீகம் பேசுவோர் உயர்தர ஆங்கிலச் சொற்களைப் பயிலும்போது தடுக்கி விழும் இடங்களைக் கணக்கெடுத்தல் நுதலிற்று. ஆய்வு எல்லை, தெஹ்ரான் முதல் ஷிராஸ் வரை. ஆய்வாளர் அமர்ந்திருந்த இடம், திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடை. தரவு, ஓர் ஈரானிய நண்பரும் கணக்கில் எழுதிய டீயும். கருதுகோள் ஒன்றுதான்: ஆளைக் கவிழ்ப்பது அந்நியச் சொல் இல்லை, பங்காளிச் சொல்.

தெஹ்ரான் பல்கலைக்கழகத்துக்கு எதிரே எங்கெலாப் வீதியில் வரிசையாகப் புத்தகக் கடைகள். ஆங்கிலம் படிக்கக் கிளம்பிய ஈரானியர் கையில் பெரும்பாலும் '504' இருக்கும். இன்றியமையாத 504 சொற்கள் என்று அமெரிக்காவில் போட்ட புத்தகம். 42 பாடம், பாடத்துக்கு 12 சொல். பெருக்கிப் பார்த்துவிட்டேன், கணக்கு சரி. முதல் பாடத்தின் முதல் சொல் 'அபாண்டன்'. பொருள், கைவிடு. சொல்லைக் கற்ற கையோடு அதன்படி நடந்து புத்தகத்தை மூடியவர்கள் உண்டு என்பது என் ஊகம். அபாண்டமாகச் சொல்கிறேன் என்று யாரும் வருந்த வேண்டாம்.

மூடாதவர்கள் லைட்னர் பெட்டி வாங்குகிறார்கள். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் இதழாளர் 1972-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை. ஐந்து அறை, அட்டையில் சொல். நினைவிருந்தால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், மறந்தால் முதல் அறைக்கே திரும்பும். பரமபதத்தில் பாம்பு கடித்த கதைதான். ஆனால் பெட்டிக்குள் போகிறவை எல்லாம் அந்நியர்கள். வீரமும் பெருந்தன்மையும் உடையவன் என்று பொருள்படும் 'கேலண்ட்' முதல் பாடத்திலேயே வருகிறது. அதை உருப்போட்டவருக்கு அதனால் வாழ்நாளில் ஒரு தொல்லையும் வராது. சொல்ல வேண்டிய சந்தர்ப்பமே வராதே. தொல்லை தருவது, அட்டையில் எழுதவே தோன்றாத சொற்கள்.

சான்று: அறிமுகமான அன்றே நண்பர் கேட்டார், "உங்கள் ஃபேமிலி என்ன?" மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரில் அம்மா என்று அடுக்கினேன். அவர் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். பாரசீகத்தில் 'ஃபாமிலி' என்றால் குடும்பப் பெயர். எனக்கோ அப்படி ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து உண்டு, பக்கத்தில் புள்ளியோடு. அதைக் காட்டினேன். குடும்பமே இவ்வளவுதானா என்பதுபோல இரக்கத்தோடு பார்த்தார். மறுவாரம் பிரியாணியைத் தள்ளிவைத்து, "நான் ரெஜீமில் இருக்கிறேன்" என்றார். குரலைத் தாழ்த்தி, எந்த இலாகா என்று விசாரித்தேன். பிரெஞ்சிலிருந்து பாரசீகத்துக்குப் போன அந்தச் சொல், ஆட்சியையும் குறிக்கும். உடம்பு இளைக்கப் பட்டினி கிடப்பதையும் குறிக்கும். அங்கே இளங்கலைப் பட்டத்துக்கு 'லிசான்ஸ்' என்று பெயர். பட்டதாரி ஒருவர் லைசென்ஸ் இருப்பதாகச் சொன்னால் அவர் வண்டியில் ஏறுமுன் யோசிக்கவும்.

ஆங்கிலமும் பாரசீகமும் மெய்யாகவே ஒரு குடும்பம். பிரதருக்கு 'பராதர்', மதருக்கு 'மாதர்', டாட்டருக்கு 'தொக்தர்'. கெட்டது என்பதற்குப் பாரசீகச் சொல்லும் ஏறக்குறைய 'பேட்' என்றே ஒலிக்கும். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. உறவுதான் இல்லை, வெறும் தற்செயல். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் என்று மாப்பிள்ளை வீட்டாரும் விழுந்து விழுந்து உபசரித்த ஆள் இந்த 'பேட்'. 'பர்ஃப்' என்றால் பாரசீகத்தில் பனி. பனிபோல வெளுக்கட்டும் என்று ஈரானில் ஒரு சலவைத்தூளுக்கு அந்தப் பெயரை வைத்து, ஆங்கில எழுத்திலும் அச்சடித்தார்கள். அமெரிக்கப் பேச்சில் அந்த ஒலிக்கு வாந்தி என்று பொருள்.

இனித் தலையாய இயல். பாரசீகர் எழுதும்போது குறில் உயிர்களை எழுதுவதில்லை. வாசிப்பவர் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். ம், ல், க் என்று மூன்று மெய் எழுதியிருந்தால் அது 'மலெக்' என்னும் அரசனாகலாம், 'மெல்க்' என்னும் நிலபுலனாகலாம், 'மொல்க்' என்னும் நாடாகலாம், 'மலக்' என்னும் தேவதூதனாகவும் ஆகலாம். அரசனையும் அவன் சொத்தையும் ஒரே எலும்புக்கூட்டில் பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கண்ணோடு ஆங்கிலத்துக்கு வந்தால், அங்கே உயிர் ஒன்று மாறினாலே ஆள் மாறிவிடுகிறான். பாதிப்பதற்கு அஃபெக்ட், விளைவுக்கு எஃபெக்ட். அசையாமல் நிற்பதும் ஸ்டேஷனரி, காகிதமும் பேனாவும் ஸ்டேஷனரி. நடுவே ஒரே ஓர் உயிரெழுத்து வேறு. கைதேர்ந்தவர் அடெப்ட். ஒத்துப்போவது அடாப்ட். தத்தெடுப்பது அடாப்ட். (பின்னிரண்டும் ஒன்றாகத் தெரிவது அச்சுப்பிழை அன்று.) சூழலைத் தத்தெடுத்தேன், குழந்தையோடு ஒத்துப்போனேன் என்று ஓர் ஈரானியர் எழுதினால், மெய்யளவில் அவர் இரண்டு சொல்லையும் பிழையறக் கற்றிருக்கிறார். பிள்ளை வளர்த்தவர்கள் அந்த வாக்கியத்தில் பிழையே காணமாட்டார்கள்.

அற்றேல், எழுத்துப் பஞ்சம்தான் காரணமோ எனின், அன்று. ஆங்கில 'இசட்' ஒலிக்கு மட்டும் அவர்களிடம் நான்கு எழுத்து, 'ஸ'வுக்கு மூன்று. அரபியில் 'திங்க்' என்பதன் முதல் ஒலியைக் குறிக்கும் எழுத்து அந்த மூன்றில் ஒன்று. எழுத்தை வாங்கிக்கொண்டு ஒலியை எல்லையிலேயே இறக்கிவிட்டார்கள். ஆகவே 'யோசிக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தால் 'மூழ்குகிறேன்' என்று வருகிறது.

தமிழர் சிரிப்பதற்கு இடமில்லை. மெய் சேர்ந்து மொழிக்கு முதலில் வருவது அவர்களுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. அவர்கள் 'எஸ்ட்ரெஸ்' என்பதும் நாம் 'இஸ்கூல்' என்பதும் அதனால்தான். உயிர் பன்னிரண்டையும் ஒன்று விடாமல் எழுதுகிறோம், மெய்தான். ஆனால் 'பேக்' என்று எழுதினால் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா என்று எழுதியவருக்கே சொல்லத் தெரியாது.

இந்த ஆய்வின் நான்காம் இயல் இன்னும் எழுதப்படவில்லை. மேற்படி இரண்டு அடாப்ட்டையும் தமிழில் வேறுபடுத்தி எழுத வழி தெரிந்த வாசகர்கள் ஓர் அஞ்சலட்டை போட்டு உதவ வேண்டுகிறேன். மறக்காமல் உங்கள் ஃபேமிலியையும் எழுதவும். ஓர் எழுத்தானாலும் போதும்.