பாண்டிச்சேரித் தண்ணி!

விடுமுறைக்குப் புதுச்சேரி போகிறேன் என்றாலே வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்களே! அந்த ஊரின் பெருமைக்குரிய பானம்தான் எது?

குடிதண்ணீர். அதற்காக மண்டபமே கட்டிவைத்த ஊர் அது!

பாரதி பூங்காவின் நடுவே வெள்ளைவெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அது முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் அதுதான்.

அன்பின் சின்னம் என்றால் தாஜ்மகால்தானே? புதுச்சேரியில் என்ன இருக்கிறது?

ஷாஜகான் கட்டினார்; ஆயி இடித்தார்!

16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாசி ஆயி என்கிறது செவிவழிக் கதை. விளக்கொளியில் ஜொலித்த அவருடைய மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் கோபத்தில் வீட்டை இடிக்க உத்தரவு. ஆயி அழுது புலம்பவில்லை. தானே இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினார். மண்டபத்துக்கு அவர் பெயர் வந்தது அதனால்தான். அவமானப்பட்ட அன்றைக்கும் அடுத்தவர் தாகத்தை நினைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

கடற்கரைச் சாலையிலிருந்து மண்டபம் நடக்கிற தூரம்தான். செல்ஃபி எடுத்த கையோடு பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லிவிட்டு வாருங்கள்.