வளத்தியியல்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு பூர்வாங்க அறிக்கை

பிறந்து நாற்பது நாள் ஆகுமுன்பே ஒரு பிள்ளையின் முழு வளத்தியையும் சொல்லிவிடும் ஆய்வுகூடம் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று உண்டு. பிள்ளை பார்க்க வரும் பெண்கள் ஹோலில் பாய் விரித்து உட்கார்ந்தால் ஆய்வு ஆரம்பம். மூத்தவர் ஒருவர் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார். பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். பிறகு தீர்ப்பு: "இது வாப்பாட வளத்தி இல்லகா, தாய்மாமன்ட வளத்தி."

பல வருடங்கள் இந்தத் தீர்ப்புகளைக் கேட்டு, அவற்றுக்கு அடியில் கிடக்கும் விதியைக் கண்டுபிடித்திருக்கிறேன். பிள்ளை நெடுத்து வளர்ந்தால் அது தாய் வழி. கட்டையாக நின்றுவிட்டால் வாப்பா வழி. இந்த விதி இன்றுவரை ஒரு தடவையும் பிழைத்ததில்லை. காரணம் உடற்கூற்றில் இல்லை, காணி உறுதியில் இருக்கிறது. இங்கே குடி தாய் வழியாக வருகிறது. வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகிறது. மாப்பிள்ளை வந்து குடியேறுகிறார். ஆகவே தீர்ப்பு வழங்கும் சபை எப்போதும் உம்மம்மா வீட்டில்தான் கூடும். வாப்பா வீட்டார் அங்கே விருந்தாளிகள். பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் மறுத்துப் பேசுவது?

வெளியுலகம் இந்த விடயத்தில் பின்தங்கியே இருந்தது. இலண்டனில் பிரான்சிஸ் கால்ட்டன் 1886-இல் 205 பெற்றோர் சோடிகளையும் அவர்களது வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் கணக்கிட்டார். தாய்மாரின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண் அளவுக்குக் கொண்டுவந்தார். நெட்டையர் பிள்ளைகள் பெற்றோரை விடச் சராசரிக்குக் கிட்ட வருகிறார்கள், கட்டையர் பிள்ளைகளும் அப்படியே என்று கண்டார். தாய்மாமனுக்கு அவர் அட்டவணையில் ஒரு நிரல்கூட இல்லை. இதிலிருந்தே அந்த ஆய்வின் தரம் விளங்கும்.

பின்னர் ஜேம்ஸ் டானர் கணக்கை இலகுவாக்கினார். வாப்பாவின் உயரத்தையும் உம்மாவின் உயரத்தையும் கூட்டு, ஆண் பிள்ளையானால் 13 சென்டிமீட்டர் சேர், பெண் பிள்ளையானால் கழி, பாதியாக்கு. என்னைக் கொண்டே சோதித்தேன். வாப்பா 165, உம்மா 152. விடை 165. நான் 162. சூத்திரம் பிழையில்லையாம், ஏனென்றால் மேலே எட்டரை, கீழே எட்டரை விட்டுக்கொடுத்துத்தான் வாசிக்க வேண்டும். பதினேழு சென்டிமீட்டர் இடைவெளி! எங்கள் கலியாணப் போட்டோவில் நிற்கும் மச்சான்மார் அத்தனை பேரும் அதற்குள் அடங்குவார்கள்.

ஆனால் மணிக்கட்டு விடயத்தில் எங்கள் பெண்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. குரூலிக், பைல் என்ற இருவர் 1950-இல் வெளியிட்ட எக்ஸ்ரே படத்தொகுப்பு இடது கையையும் மணிக்கட்டையும் வைத்துத்தான் எலும்பின் வயதைச் சொல்கிறது. அந்த வயதைக் கொண்டு இனி எவ்வளவு வளர்த்தி மிச்சம் என்று வைத்தியர்கள் கணிக்கிறார்கள். எக்ஸ்ரே மட்டும்தான் எங்களிடம் குறைவு.

கிளினிக்கில் இன்னொரு புதிர். இரண்டு வயதுக்குள் பிள்ளையைப் பலகையில் கிடத்தி அளக்கிறார்கள், அது நீளம். அதன் பிறகு நிறுத்தி அளக்கிறார்கள், அது உயரம். ஒரே பிள்ளை எழுந்து நின்றதும் ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டர் குறைகிறது. ஆண் பிள்ளையின் இரண்டு வயது உயரத்தை இரட்டித்தால் முழு வளத்தி கிட்டத்தட்ட வந்துவிடும் என்கிறார்களே, கிடத்தியதை இரட்டிப்பதா நிறுத்தியதை இரட்டிப்பதா? ஒன்றரைச் சென்டிமீட்டர் சும்மா வருகிறது. பெண் எடுக்கும் பேச்சில் அது சின்னத் தொகையில்லை.

(படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் வளராது, வந்த வழியே திரும்பித் தாண்ட வேண்டும் என்ற கொள்கையை நான் மறுக்கவில்லை. எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுக்கு யார் தாண்டியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, என்னையே திரும்பித் தாண்டச் சொன்னார்கள்.)

நேர்மையான கணிப்பாளர் என்று நான் மதிப்பது தையல்காரரை. பெருநாளுக்கு லோங்ஸ் தைக்கக் கொடுக்கும்போது, "மடிப்பு எவ்வளவு விட?" என்பார். "மூணு இஞ்சி விடுங்க காக்கா, வளர்ற புள்ள." பள்ளிக்கூடப் பருவத்தில் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் என்ற பொதுக்கணக்குக்கு அது தாராளமாகப் போதும். அடுத்த வருடம் மடிப்பை அவிழ்த்தால், வெளுத்த துணியின் அடியில் வெளுக்காத பட்டி ஒன்று தெரியும். நடுவில் பழைய தையலின் ஊசித்துளைகள். வளராதவனின் மடிப்பு உள்ளேயே கிடக்கும். என்னுடையது கிடந்தது. சாரனில் இந்தத் தொல்லை இல்லை. மருதமுனைத் தறியில் நெய்தது வாப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே அளவு, மிச்சத்தை இடுப்பில் சுருட்டலாம்.

எஞ்சிய ஆவணம் நிலைக்கதவு. பெருநாள் தோறும் தலையில் கொப்பியை வைத்து, அதை ஒட்டிப் பென்சில் கோடு. பிரான்சில் மொன்பெயார் என்பவர் 1759 முதல் 1777 வரை தன் மகனை இப்படி விடாமல் அளந்தார். அதை வளர்ச்சி ஆய்வின் முதல் ஏடு என்கிறார்கள். எங்கள் கடற்கரைப் பக்க வீடுகளில் 2004 டிசம்பர் 26-க்கு முந்திய ஏடுகள் இல்லை. நிலைகளும் இல்லை.

உம்மாவின் வீடு உள்பக்கம் என்பதால் எங்கள் கோடுகள் தப்பின. அந்த வீடு இப்போது ராத்தாவுக்கு. என் கோடுகளைப் பார்க்க நான் அங்கே விருந்தாளியாகத்தான் போக வேண்டும். போன பெருநாளில் ராத்தாவின் மகனை அதே நிலையில் நிறுத்தி அளந்தார்கள். பதின்மூன்று வயது, என் கடைசிக் கோட்டுக்கு நான்கு விரல் மேலே. அவனுடைய வாப்பா ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, பக்கத்தில்தான் நிற்கிறார்.

உம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னன்தானே," என்று என் தோளைத் தட்டினார். "தாய்மாமன்ட வளத்தி."