மறப்பதற்கென்றே அமைக்கப்படும் இசை

பழைய திரைப்படங்களின் பின்னணி இசை நெஞ்சில் நிற்பதும், புதியவற்றின் இசை அரங்கிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வருவதற்குள் மறந்துபோவதும் இசையமைப்பாளர்களின் திறமைக் குறைவால்தான் என்று கருதுவது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியாகும். ஹாலிவுட்டில் படத்தொகுப்பின்போது, உரிய இசை தயாராகும்வரை வேறொரு படத்தின் இசையைக் காட்சிகளோடு சேர்த்து ஓடவிடும் வழக்கம் உண்டு. 'டெம்ப் டிராக்' எனப்படும் இத்தற்காலிக இசையைப் பல வாரங்கள் கேட்டுப் பழகிவிட்ட இயக்குநர், இசையமைப்பாளரிடம் வேண்டுவதெல்லாம், வழக்கறிஞர்களின் பார்வைக்கு வேறாகவும் தம் காதுக்கு அதுவாகவும் இருக்கும் ஓர் இசையைத்தான்.

இந்நோய் புதியதன்று. 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் அமைத்த இசையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் ஒதுக்கிவிட்டு, தற்காலிகமாக ஓடவிட்டிருந்த, ஏற்கெனவே பதிவாகியிருந்த செவ்வியல் இசையையே வைத்துக்கொண்டார் என்பதை, நார்த் முடிந்த படத்தைப் பார்த்தபோதுதான் அறிந்தார். ஆயினும் குப்ரிக் கடன் வாங்கியது ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் போன்ற இசைச் செல்வந்தரிடம். இன்றையோர் வாங்குவதோ முந்தைய கடனாளியிடம்.

1975இல் வெளியான 'ஜாஸ்' படத்துக்காக, அடுத்தடுத்த இரண்டே சுரங்களால் ஆன சுறாவின் கருப்பொருளை ஜான் வில்லியம்ஸ் பியானோவில் வாசித்துக் காட்டியபோது, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதை வேடிக்கை என எண்ணிச் சிரித்தார். அச்சுரங்களோ அரை நூற்றாண்டாகக் கடலில் கால் நனைப்போரை விடாமல் துரத்துகின்றன. இன்றைய இயக்குநருக்கு அத்தகைய சிரிப்பு வாய்ப்பதில்லை. முன்பே கேட்டதுதானே என்ற நிம்மதியில் தலையசைத்துவிடுகிறார்.