தண்ணீர் ஆக்கிய நகரமும் தங்கம் ஆக்கும் நகரமும்

'சிவிலைசேஷன் 3' கணினி விளையாட்டு 2001-ல் வந்தது. அதில் ஆறு என்பது வரைபடக் கட்டங்களின் விளிம்பில் ஓடும் நீலக் கோடு. படகு போகாது. ஆனாலும் குடியேறிகளை அனுப்பும்போது என் கண் முதலில் தேடியது அந்தக் கோட்டைத்தான். மக்கள்தொகை அளவு 6-ஐத் தொட்டதும் ஊரின் வளர்ச்சி நின்றுவிடும். நீர்ப்பாலம் கட்டினால்தான் அது நகரமாகும். ஆற்றையோ நன்னீர் ஏரியையோ ஒட்டிய ஊருக்கு மட்டும் அந்தச் செலவு இல்லை. தானாகவே 12 வரை வளரும். அதற்கு மேல் மாநகரமாக மருத்துவமனை வேண்டும்.

நான் பெரும்பாலும் ரோமை எடுத்துத்தான் ஆடுவேன். ரோம் பற்றிப் படிக்கப் படிக்க அந்த விதி உறுத்தியது. டைபர் நதிக்கரையிலேயே இருந்த உண்மையான ரோம், கி.மு. 312-லேயே அக்வா அப்பியா என்ற நீர்ப்பாதையைப் பெரும்பகுதி நிலத்துக்கடியில் வெட்டி, வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் அத்தகைய பாதைகள் 11 ஆயின.

2025-ல் வந்த 'சிவிலைசேஷன் 7'-ல் பெரிய ஆறுகள் கட்டங்களை நிறைத்துக்கொண்டு ஓடுகின்றன. கடலிலிருந்து கப்பல் உள்நாடுவரை ஏறி வருகிறது. புதிதாக அமைக்கும் குடியிருப்பு ஊராகவே தொடங்கும். அதை நகரமாக்கத் தங்கம் கொடுக்க வேண்டும். நன்னீர் இருந்தால் மக்களின் மகிழ்ச்சி கூடும், அவ்வளவே. ஓர் ஊரை விவசாய ஊர் என்று வகுத்துவிட்டால், அது தன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, விளைவதை இணைந்த நகரங்களுக்கு அனுப்பத் தொடங்குகிறது. பக்கத்து நகரத்தின் உணவுக் கணக்கு உடனே ஏறுகிறது.

ரோம் பெருத்ததும் இப்படித்தான். எகிப்திலும் வட ஆப்பிரிக்காவிலும் விளைந்த தானியம் கடல் கடந்து டைபரின் முகத்துவாரத்துக்கு வந்தது. அங்கே படகுகளில் ஏற்றி, கரையிலிருந்து கயிறு கட்டி நீரோட்டத்துக்கு எதிராக இழுத்து நகருக்குக் கொண்டுபோனார்கள். டைபர் ரோமுக்குச் சோறு போட்ட ஆறு. பழைய விளையாட்டில் எனக்குத் தெரியாத இந்த ஆற்றைப் புதியது காட்டுகிறது. நகரத்துக்குப் பின்னால் நின்று உணவளிக்கும் ஊர்களையும் காட்டுகிறது.

ஆனால் தங்கம் கொடுத்த அடுத்த நொடியே ஊர் நகரமாகிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரோமிடம் தங்கம் இருந்தது. அந்தத் தங்கம் பல தலைமுறைகளாகத் தண்ணீர் கொண்டுவரவே செலவானது. தானியம் வரும் ஆறும் குடிநீர் வரும் பாதையும் சேர்ந்தே நகரத்தைத் தீர்மானிக்கும் ஒரு பதிப்பு வர வேண்டும்.